கையறிவு

கண்ணும் செவியும் கல்விக்கு வாயில்களென்று நம் முன்னோர் போற்றினர். நூலைக் கண் படிக்கின்றது. விரிவுரையைச் செவி கேட்கின்றது. கையோ, கேட்டதைக் குறித்துவைக்கும் ஏவலாளாய் நிற்கின்றது. எனினும் கைக்கும் தனியே ஓர் அறிவுண்டு. அதனை யாம் நேரிற் கண்டது, சென்ற கோடை விடுமுறையில் நெல்லை நகரத்துப் பள்ளியொன்றில் இருநாள் கூடிய ஓவிய ஆசிரியர் மாநாட்டிலாகும். அதற்குத் தொண்டர்களாய்ச் சென்ற எமக்கும் ஆங்கு நடந்த செய்முறைப் பயிற்சிகளில் அன்புடன் இடமளித்தனர்.

முதல்நாட் காலையில் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. அலெக்ஸாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டிற் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாய் விளங்குகின்றதென ஒருவர் எடுத்துரைத்தார். வியன்னா நகரத்துப் பிரான்ஸ் சிஸெக் என்பார் 1897ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென ஓவிய வகுப்பொன்று நிறுவி, பெரியோர் வரைந்ததைப் பார்த்தெழுதப் பணியாது, பிள்ளைகள் தம் மனத்தில் தோன்றியதைத் தாமே படைக்க விட்டனரென்று மற்றொருவர் கூறினார். கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தா மாநாட்டின்முன் வைத்த செய்தியும் நினைவூட்டப்பெற்றது.

பிற்பகலில் மேசைகளின்மேல் களிமண் வந்தது. அதுகாறும் அமைதியாய் வீற்றிருந்த ஆசிரியர்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு மாணவராயினர். காற்றுக் குமிழி நில்லாதபடி மண்ணைப் பிசைதல் வேண்டும். இரு துண்டுகளை ஒட்டுமிடத்து இருபுறமும் கீறிக் குழைசேறு பூசுதல் வேண்டும். கனத்த உருவை உள்ளே குடைந்து, நிழலில் மெல்ல உலர்த்துதல் வேண்டும். ஈரம் எஞ்சியிருப்பின் அது சூளையில் நீராவியாகி உருவைப் பிளந்துவிடும். இவற்றைச் சொல்லச் சிறிது நேரமே சென்றது. விரல்கள் கற்றுக்கொள்ளவோ மாலை முழுதும் வேண்டியிருந்தது.

எம் பக்கத்தில் நரைத்த தலையினரான ஆசிரியர் ஒருவர் காளையொன்று செய்துகொண்டிருந்தார். அதன் திமிலை மும்முறை அழித்துத் திருத்தியபின் எம்மை நோக்கி, “தம்பி, இருபத்தைந்து வருஷமாய்ப் பிள்ளைகளுக்குப் பலகையில் மாம்பழம் போட்டுக் காட்டுகிறேன். ‘சார், நீங்கள் ஒன்று செய்யுங்கள்’ என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை,” என்றார். அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சி எம்மால் மறத்தற்கரியது.

மறுநாள் லினோலியத் தகட்டில் உருவஞ்செதுக்கி, மை தடவித் தாளிற் பதிக்கும் பயிற்சி நடைபெற்றது. பதிக்குங்கால் இடம் வலமாக மாறுமாதலின், எழுத்தைக் கண்ணாடியில் தோன்றுமாறு திருப்பிச் செதுக்குக என்றனர். தமிழ் பயில்வார்க்கு ஏற்ற எழுத்தென யாம் ழகரத்தைத் தெரிந்துகொண்டோம். நாள்தோறும் ஒலியாகவே அறிந்த அவ்வெழுத்து, திரும்பி நின்றபோது ஓர் உருவமாகி எம்முன் தோன்றிற்று. அதன் வளைவு எங்கே தொடங்கி எங்கே மடங்குகின்றதென்பதனை உளிமுனை காட்டிற்று. பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்னுஞ் சொல் ஏட்டில் வரைதற்கும் ஓவியந் தீட்டற்கும் பொதுவாய் வழங்கியதும், மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ எனக் குறித்ததும் வகுப்பில் யாம் படித்தவையே. அவற்றின் பொருளைக் கை அறிந்தது அன்றேயாம்.

உணவு வேளையில் ஆசிரியர்தம் உரையாடலையும் கேட்டோம். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி முதலியன கற்பித்தற்கு, மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பெற்றனர். அவ்வகையினர் சிலர் தம் செலவிலேயே பேருந்தேறி ஆங்கு வந்திருந்தனர். ஊதியக் குறைவினும் அவரை மிகுதியாய் வருத்தியது வேறொன்று. தேர்வு நெருங்கியவுடன் ஓவிய வகுப்பு கணக்கிற்கோ அறிவியலுக்கோ கொடுக்கப்படுகின்றது. கொடுத்த மணி மீள்வதில்லை. “பிள்ளைகள் வண்ணப்பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள்; நான் வேறு வகுப்புக்குக் காவலாகப் போய்விடுவேன்,” என்று ஓர் அம்மையார் கூறினார்.

மாணவர் அனைவரும் ஓவியராதல் வேண்டுமென்பது எம் கருத்தன்று. ஆயின், பிறர் செய்ததைப் பார்த்தெழுதாது தானே ஒன்றனைப் படைத்தற்குப் பள்ளிச் சிறுவனுக்கு வாரத்தில் வாய்ப்பது அவ்வொரு வேளையே. பிசைந்த மண் பொய் சொல்லாது. ஒட்டாதது விழும், குடையாதது பிளக்கும். பொறுமையும் உண்மையும் அங்ஙனம் கைவழியே கற்கப்படுகின்றன. அவ்வேளையைப் பறித்தல் ஏழை ஆசிரியர்க்கு மட்டுமன்றிப் பிள்ளைக்கும் இழைக்கும் தீங்கேயாம்.

தமிழ் பயிலும் நம்முட் பலர் நாளை ஆசிரியராவர். தேர்வு நெருங்குங் காலத்தில் பாடம் முடியாதிருப்பின், அடுத்த அறையின் ஓவிய வகுப்பின்மேல் நம் கண்ணுஞ் செல்லும். அந்நாளில், வண்ணப்பெட்டியைத் திறந்து காத்திருக்கும் சிறுவரை நினைந்து, அவ்வொரு மணி நேரத்தைக் கடனாகவும் கேளாதிருப்போமாக.