குழாய் நீரும் கடல் நீரும்

பிரிவுக்கும் ஒரு பருவம் உண்டு எனக் கண்டவர் பழந்தமிழர். நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் ஒழுக்கமும் வகுத்தபோது, பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் பிரிதலை உரிப்பொருளாகவும் அவர்கள் அமைத்தனர். முல்லைக்கோ கார்காலம் பெரும்பொழுது, ஆற்றியிருத்தல் உரிப்பொருள். செல்பவர் ஒருவர் உண்டெனில், இருப்பவர் ஒருவரும் உண்டு என்னும் உண்மை இவ்விரு திணைகளுக்குள்ளும் அடங்கியிருக்கிறது. பிரிவின் கதையைப் போகிறவரோடு முடித்துவிட இயலாது. வாயிற்படியில் நிற்பவரையும் சேர்த்துச் சொன்னால்தான் அக்கதை நிறைவு பெறும்.

தமிழ் நிலத்துக்கு மிகவும் தொலைவில், வட அமெரிக்காவின் கிறித்துவத் தேவாலயங்களில், இவ்வுண்மை ஆண்டுதோறும் கண்கூடாக நிகழ்ந்து வருகிறது.

ஆண்டு முழுவதும் ஒரே வெயிலில் வாழும் மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்குக் குளிர்நாட்டாரின் கோடை எளிதில் விளங்குவதன்று. மாதக்கணக்கில் பனியும் இருளும் சூழ்ந்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்க்கு, கோடை என்பது ஒரு விடுதலை. சூரியன் இரவு எட்டு மணிக்குப் பின்னும் வானில் நிற்கிறான். பள்ளிகள் ஏறத்தாழப் பத்து வாரங்கள் மூடப்படுகின்றன. பெற்றோர் அலுவலகத்தில் விடுப்பு எடுக்கின்றனர். ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் மலைக்கும் குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்படுகின்றனர். செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை அந்நாட்டில் தொழிலாளர் நாள். அந்த விடுமுறை கழியும்போதுதான் ஊர் மீண்டும் ஊராகிறது.

இவ்விடைக்காலத்தில் தேவாலயத்துக்குள் ஒருவர் நுழைந்தால் அவர் காண்பது என்ன? நிறைந்திருந்த வரிசைகளில் பாதி வெறுமையாய்க் கிடக்கும். பாடற்குழு ஓய்வில் இருக்கும். ஞாயிறு பள்ளியின் கதவு பூட்டியிருக்கும். இரண்டு வேளையாக நடந்த வழிபாடு ஒரே வேளையாகச் சுருங்கியிருக்கும். காணிக்கைத் தட்டு இலேசாகும். ஆனால் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் இலேசாவதில்லை. ஆயரும் தமக்குரிய விடுப்பில் சென்றிருக்கக்கூடும். இவற்றையெல்லாம் சபையின் பொருளாளர் அறிவார். கணக்கேட்டில் குறித்தும் வைப்பார். கணக்கேட்டில் குறிக்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. அதுவே பெரியது.

மூன்றாம் வரிசையில் வாரந்தோறும் அமரும் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கணவர் மறைந்து பல்லாண்டு ஆயிற்று. பிள்ளைகள் வேறு மாநிலங்களில் வாழ்கின்றனர். ஞாயிறு காலையில் அவளைக் காரில் அழைத்து வரும் குடும்பம் ஆறு வாரம் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. வழிபாட்டுக்குப் பின் காப்பிக் கோப்பையோடு அவளருகே அமர்ந்து உடல்நலம் கேட்கும் தோழியும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவளை எவரும் வெறுக்கவில்லை, ஒதுக்கவுமில்லை. ஆயினும் சூன் மாதக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு முடியும்வரை, அவள் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் அவள் செவியில் விழவில்லை. சென்றவர் ஒவ்வொருவரும், தாம் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் இருப்பார்கள் என்று எண்ணியே சென்றனர். அந்த மற்றவர்களும் அவ்வாறே எண்ணினர்.

இது வெறும் மனக்குறையாக முடிந்துவிடும் செய்தியன்று. 1995ஆம் ஆண்டு சூலை மாதம் சிக்காகோ நகரைக் கடும் வெப்பம் தாக்கியது. வெப்பநிலை 41 பாகை செல்சியசை எட்டியது. சில நாள்களுக்குள் 700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர். பலர் தனியே வாழ்ந்தவர். பின்னர் இத்துயரத்தை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்ட சமூகவியலார் எரிக் கிளினன்பர்க், வெப்பத்தோடு தனிமையும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது என்று காட்டினார். ஏழைமையில் ஏறத்தாழ ஒத்திருந்த இரண்டு பகுதிகளுள், தெருவில் நடமாட்டமும் கடைகளும் மக்கள் கூடுமிடங்களும் மிகுந்திருந்த பகுதியில் இறப்பு குறைவாகவே இருந்தது. கதவைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாத பகுதியில் மிகுதியாக இருந்தது. 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டிலும் இவ்வாறே நேர்ந்தது. அங்கே வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களுள்ளும் முதியோரே மிகுதி. ஆகஸ்டு மாதம் அந்நாட்டார் பெரும்பாலும் விடுமுறையில் ஊரைவிட்டுச் செல்லும் மாதம் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கோடையில் ஒரு தொலைபேசி அழைப்பு சில வேளைகளில் உயிர்காக்கும் மருந்தாகும்.

இக்கலைவை எவ்வாறு தாங்குவது என்னும் வினா அந்நாட்டுச் சபைகளுக்குப் புதியதன்று. பல தலைமுறைகள் பல விடைகளைக் கண்டன.

முதல் விடை, எல்லாரும் சேர்ந்தே செல்வது. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில், 1835ஆம் ஆண்டு கோடையில், கருவாலி மரங்களின் நிழலில் ஒன்பது கூடாரங்கள் அடித்து மெதடிஸ்த் சபையார் வழிபாட்டுக்குக் கூடினர். ஆண்டுகள் செல்லச் செல்லக் கூட்டம் பெருகியது. கரையிலிருந்த சபைகள் தத்தமக்கென ஒரு பெரிய கூடாரம் அமைத்துக்கொண்டன. ஊரில் அடுத்தடுத்து அமர்ந்தவர்கள் தீவிலும் அடுத்தடுத்தே உண்டு உறங்கினர். பின்னர்க் கூடாரங்கள் மரவீடுகளாயின. அழகிய வேலைப்பாடு கொண்ட 300க்கும் மேற்பட்ட சிறு வீடுகள் இன்றும் அங்கு உள்ளன. 1869இல் தொடங்கிய வழக்கப்படி, ஆகஸ்டு மாதத்து ஓர் இரவில் வீடுதோறும் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு ஒரே வேளையில் ஏற்றுகின்றனர். காண்பதற்கு இனிய காட்சி. ஆனால் தீவுக்குப் போக இயலாதவர்க்கு அது கேள்விச் செய்தி மட்டுமே.

இரண்டாம் விடை, போக இயலாதவரிடம் செல்வது. 1898இல் நியூயார்க்கு நகரின் கிழக்குப் பகுதியில், குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தெருக்களில் திரிவதை எலைசா ஹாஸ் என்னும் பெண்மணி கண்டார். அப்பிள்ளைகளுக்குக் கடற்கரை இல்லை, மலைவாசம் இல்லை. இடம் தேடிய அவர் மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அங்கே பாட்டும் கதையும் கைவேலையும் வேதமும் கற்பித்தார். சில ஆண்டுகளில் ராபர்ட் போவில் என்பவர் அம்முயற்சியை நகரெங்கும் பரப்பினார். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் தமிழ்ச் சபைகள் பள்ளி விடுமுறையில் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வேர் அத்தகைய முயற்சிகளில்தான் உள்ளது. பாடி ஆடி மகிழும் நம் பிள்ளைகள், தங்கள் பள்ளியின் முன்னோடி ஒரு மதுக்கூடத்தில் நடந்தது என்று அறிந்தால் வியப்பர். விடுமுறை இல்லாதவர்க்கு விடுமுறையைக் கொண்டு சேர்த்ததே அதன் பெருமை.

மூன்றாம் விடை மிகப் பழையது. செலவும் மிகக் குறைந்தது. அது மடல் எழுதுதல். தொடக்கக் காலத் திருச்சபை ஊர் ஊராகச் சிதறியிருந்தபோது அதை ஒன்றாக வைத்தவை கடிதங்களே. உரோமையருக்குப் பவுல் எழுதிய மடலின் கடைசி அதிகாரத்தைப் படிப்போர், ஆழ்ந்த இறையியலுக்குப் பின்னர் நீண்டதொரு பெயர்ப்பட்டியல் வருவதைக் காண்பர். இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி அவர் நலம் உசாவுகிறார். இன்னார் என்னோடு உழைத்தவர், இன்னாரின் தாய் எனக்கும் தாய் போன்றவர் எனப் பலர்க்கும் ஒரு சொல் சேர்க்கிறார். அவசரமாகப் படிப்பவர் அப்பகுதியைத் தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் கூட்டத்தைச் சபையாக்குவது அப்பட்டியலே. கூட்டத்தில் தலைகளை எண்ணுகிறார்கள். சபையில் பெயரைச் சொல்கிறார்கள்.

இன்றும் விழிப்புள்ள சபைகள் இதனையே பின்பற்றுகின்றன. பயணம் செல்லும் குடும்பம் ஒன்றையும் ஊரில் தங்கும் முதியவர் ஒருவரையும் இணைத்து, வாரம் ஒருமுறை பேசச் செய்கின்றன. சென்ற இடத்திலிருந்து அஞ்சலட்டை எழுதப் பிள்ளைகளைத் தூண்டுகின்றன. அண்டைச் சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே இடத்தில் வழிபட்டு, பின்னர்ப் பூங்காவில் கூடி உண்கின்றன. 2020இல் பெருந்தொற்று உலகெங்கும் பல தேவாலயங்களின் கதவுகளை அடைத்தபோது, தொலைபேசியும் கணினித் திரையும் வழிபாட்டுக் கருவிகளாயின. கதவு திறந்த பின்னும் அத்திரைகளைப் பல சபைகள் அணைத்துவிடவில்லை. ஏரிக்கரையில் இருப்பவரும், நடக்க இயலாமல் படுக்கையில் இருப்பவரும் அதன் வழியே ஒரே பாடலைக் கேட்கின்றனர். எனினும் திரை எல்லாரையும் காட்டும். எவரையும் பெயர் சொல்லி அழைக்காது. அதற்கு மனிதரே வேண்டும்.

பிரிந்தவர் மீண்டும் கூடும் நாளில்தான், பிரிவை எவ்வாறு தாங்கினர் என்பது வெளிப்படும். இதற்கு யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபைகளின் வழக்கம் ஒன்று சான்றாகும். கிறித்துவத்தில் தோன்றிய இரு மரபுகள் 1961இல் இணைந்து உருவான அச்சங்கம், இன்று பல நம்பிக்கையினரையும் ஏற்றுக்கொள்கிறது. அதன் சபைகள் பலவற்றில் கோடையில் வழிபாடு குறைவதும், சில இடங்களில் அறவே நிற்பதும் நெடுங்கால வழக்கம். 1980இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பெண்கள் கூட்டமொன்றுக்காகக் கேரலின் மெக்டேட், லூசில் லாங்வியூ என்னும் இருவர் நீர்ச்சடங்கு ஒன்றை அமைத்தனர். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பெண்கள் தாம் கொணர்ந்த நீரை ஒரே கலத்தில் ஊற்றினர். அச்சடங்கு சபைதோறும் பரவி, செப்டம்பர் மாதத்து மீள்கூடல் நாளின் வழிபாடாயிற்று. கோடையில் சென்ற இடத்திலிருந்து சிறிதளவு நீரைக் கொண்டு வந்து, அதைப் பற்றி ஒரு சொல் சொல்லிக் கலத்தில் சேர்ப்பர்.

எண்ணம் அழகியது. ஆனால் ஆண்டுகள் செல்ல அதில் ஒரு குறை தலைகாட்டியது. ஒருவர் அயல்நாட்டுக் கடலின் நீரைக் கொண்டு வந்தார். இன்னொருவர் புகழ்பெற்ற ஆற்றின் நீரைக் கொண்டு வந்தார். சடங்கு மெல்ல மெல்லப் பயணப் பெருமை பேசும் அரங்காயிற்று. எங்கும் செல்ல வசதியற்றவர், கையில் ஒன்றுமின்றி இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். ஒன்றுசேர்க்க வந்த கலம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டியது. அச்சபைகளைச் சேர்ந்தவர்களே இக்குறையைக் கண்டு வெளிப்படையாகப் பேசினர். பல சபைகள் வழக்கத்தைத் திருத்தின. வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்த நீரும் கடல் நீருக்கு நிகரே என அறிவித்தன. எங்குச் சென்றீர் என்னும் வினாவை விடுத்து, எது உம்மைத் தாங்கியது என்று கேட்கத் தொடங்கின.

அந்த மூன்றாம் வரிசை மூதாட்டி அத்தகைய சபையில் இருந்தால், தன் வீட்டுக் குழாய் நீரை ஒரு சிறு குப்பியில் கொண்டு வருவாள். தனித்திருந்த பத்து வாரமும் அவள் குடித்த நீர் அது. சன்னலோரச் செடிக்கு அவள் வார்த்த நீரும் அதுவே. கலத்தில் கலந்தபின் அதையும் கடல் நீரையும் எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

இந்நிகழ்ச்சியில் தமிழாசிரியர் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாணவர்க்குத் தரும் கட்டுரைத் தலைப்பு எது என்று கேட்டால், விடுமுறையை எவ்வாறு கழித்தேன் என்பதே பல வகுப்பறைகளின் விடையாகும். ஒரு மாணவன் மலைநாட்டு உல்லாசத்தை எழுதுவான். ஒரு மாணவி வானூர்திப் பயணத்தை எழுதுவாள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எழுதுகோலைக் கடித்துக்கொண்டு வெற்றுத் தாளைப் பார்த்தபடி இருக்கும். தாய் வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்த பிள்ளை அது. எழுத ஒன்றுமில்லை என அது எண்ணுகிறது. தம்பிக்குச் சோறு ஊட்டிய கதையும், மழை நாளில் துணி எடுக்க ஓடிய கதையும் கட்டுரைக்கு உரியவையே என அதற்குச் சொல்பவர் எவர்?

சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. பதிவேட்டைத் திறந்து பெயர் அழைக்கும் குரல், அப்பிள்ளை விடுமுறை முழுவதும் கேளாதிருந்த குரலாக இருக்கலாம். சென்று வந்தவரை வரவேற்பது எளிது. அவர் கையில் கதை இருக்கும். இருந்தவரிடம் சென்று, நீ இருந்தாய், உன்னை நினைத்திருந்தோம் என்று சொல்வதில்தான் சபையின் உயிர் உள்ளது. பள்ளியின் உயிரும் அதில்தான் உள்ளது. விடுமுறைகள் வரும், மக்கள் பிரிவர், அது காலத்தின் இயல்பு. மீண்டும் கூடும் நாளில் கலம் நடுவே வைக்கப்படும்போது, குழாய் நீரோடு நிற்கும் கைக்கு முதலிடம் தர வேண்டும்.