கறுப்பன் போன கணக்கு

என் பையன் ஒரு டிராகன் வளர்த்து வந்தான்.

பயப்படாதீர்கள். நாய் வளர்க்கவே எங்கள் ஃபிளாட் செக்ரட்டரி அனுமதிப்பதில்லை. இது கம்ப்யூட்டர் டிராகன். விலை 1,499 ரூபாய். ஒன்பதாவது பிறந்த நாளுக்கு "சைக்கிள் வேணுமா, கேம் வேணுமா?" என்று கேட்டேன். "கேம்" என்றான். சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் மிச்சம் என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன்.

முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, தீனி போட்டு, பறக்கக் கற்றுக் கொடுத்து, பதினாலு மாசம் வளர்த்தான். பெயர் கறுப்பன். வைத்தது விழுப்புரத்தில் இருக்கும் என் அம்மா. "வாயில நெருப்பு வருதா? அப்ப கறுப்பன்னு வை, வேற பேரு வேணாம்" என்று போனிலேயே பெயர் சூட்டு விழாவை முடித்துவிட்டாள்.

ஒரு நாள் இமெயில் வந்தது. 'அன்பார்ந்த வீரரே! இத்தனை நாள் உங்களோடு பயணித்ததில் பெருமகிழ்ச்சி...' என்று ஆரம்பித்தது.

"என்னங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

கடைசி வரியைப் படித்தேன். கருமாதிப் பத்திரிகை. முப்பதாம் தேதியோடு சர்வரை நிறுத்துகிறார்களாம்.

முப்பத்தோராம் தேதி காலை பையன் பல் கூடத் தேய்க்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஐகான் இருந்தது. அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கறுப்பன் வரவில்லை.

"அப்பா, நாம காசு குடுத்துத்தானே வாங்கினோம்?"

"ஆமாண்டா."

"அப்ப அது நம்மளுதுதானே?"

நான் பி.காம். முதல் வகுப்பு. ஆறு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கியவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கஸ்டமர் கேரில் கேட்டேன். பதில் சொன்னது மனுஷன் இல்லை, மெஷின். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்றது. 'டிராகன் எங்கே?' என்றேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றது. நாற்பது நிமிஷம் கழித்து ஒரு நிஜ மனுஷர் வந்து, நான் 'சம்மதம்' என்று டிக் அடித்த நிபந்தனைகளைப் படிக்கச் சொன்னார். நாற்பத்து சொச்சம் பக்கம்! வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தேன். பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது விஷயம். நான் விளையாட்டை வாங்கவில்லையாம். விளையாடிக்கொள்ள அனுமதி மட்டும் வாங்கினேனாம். அந்த அனுமதியை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாமாம்.

ஆனால் ஸார், பட்டனில் 'வாங்கு' என்றுதானே எழுதியிருந்தது?

மூன்று வருஷ பி.காமில் எனக்கு உருப்படியாகப் புரிந்த பாடம் ஒன்றே ஒன்று. பீரோ வாங்கினால் அது சொத்து. வீட்டு வாடகை கொடுத்தால் அது செலவு. முன்னதை பாலன்ஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பின்னதை லாப நஷ்டக் கணக்கில் எழுதி, தலை முழுகிவிட வேண்டும். மாற்றி எழுதினால் ஆடிட்டர் தலையில் குட்டுவார். இத்தனை வருஷமாக நான் வாடகையை எல்லாம் சொத்து என்று எழுதி வந்திருக்கிறேன்!

நான் மட்டுமில்லை. 2014-ல் யூபிசாஃப்ட் கம்பெனி 'தி க்ரூ' என்று ஒரு கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. இன்டர்நெட் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்காகக் கடையில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். டிஸ்க்கை டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால், 2009-ல் அமேசான் கிண்டிலில் ஒரு கூத்து. காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. விற்றவருக்கு உரிமை இல்லையென்று தெரிந்ததும் கம்பெனியே வாசகர்களின் கருவியிலிருந்து அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்த புத்தகங்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அரசாங்கம் பழைய காகிதங்களை எல்லாம் அழித்துச் சரித்திரத்தையே மாற்றி எழுதுகிற கதை! ஜோக் எழுதுகிற எங்களுக்குக் கூட இப்படித் தோன்றாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே சட்டம் போட்டு, 2025 ஜனவரியிலிருந்து அமல்படுத்தினார்கள். இப்படிப்பட்ட சரக்கை விற்கும்போது 'வாங்கு' என்று சும்மா போட்டு ஏமாற்றக் கூடாது, கிடைப்பது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நிறுத்தாதே என்று சொல்லவில்லை. நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு என்கிறது. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விற்ற விளையாட்டைச் சாகடிக்காதே என்று கேட்ட மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "கறுப்பன் வருமா, வராதா?" என்றான். வராது என்றேன். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை.

பரீட்சை லீவில் விழுப்புரம் போனோம். பரணில் பித்தளைத் தவலை இருக்கிறது, எடுத்துக் கொடு என்று அம்மா ஏற்றிவிட்டாள். தவலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. ஜவுளிக்கடை பெயர் பாதி அழிந்திருந்தது. உள்ளே என்னுடைய டிவி கேம்!

1997-ல் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் கூட்டுறவு வங்கியில் கிளார்க். ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர், பர்மா பஜாரில் அரை நாள் பேரம் பேசி வாங்கி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். '999999 இன் 1' என்று போட்டிருக்கும். பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு! நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் ஏழு விளையாட்டுதான். அதையே திருப்பித் திருப்பிப் பெயர் மாற்றிப் போட்டிருந்தான். கடைக்காரன் எங்களை ஏமாற்றிவிட்டான். ஜப்பான்காரனின் சரக்கைத் திருடி எங்களிடம் விற்றதால் அவனையும் ஏமாற்றிவிட்டான்.

தூசி தட்டி, டிவியின் மஞ்சள் ஓட்டையில் ஒயரைச் செருகினேன். கேசட்டைப் போட்டேன். சாம்பல் நிறத் திரை. வெளியே எடுத்து, பரம்பரை வழக்கப்படி 'உஃப்' என்று ஊதி மறுபடி போட்டேன். ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எச்சில் ஈரத்தில் உலோக முனைகள்தான் அரிக்கும், எடுத்துச் செருகுவதால்தான் தொடர்பு சரியாகிறது என்று இப்போது தெரியும். இருந்தாலும் ஊதினேன். கை நம் பேச்சைக் கேட்பதில்லை.

டிண் டிண் என்று கான்ட்ரா மியூசிக்!

பையன் வாயைப் பிளந்தான். "அப்பா, இது எந்த சர்வர்ல ஓடுது?"

"சர்வரே கிடையாதுடா. இந்த டப்பாக்குள்ளதான் எல்லாம் இருக்கு."

1985-ல் வந்த சூப்பர் மரியோ முழு விளையாட்டும் வெறும் 40 கிலோபைட். இன்று உங்கள் சித்தப்பா காலையில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40 கிலோபைட் ஒரு சில்லில் பதிந்து, அந்தச் சில் நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஜப்பானில் யாராவது சுவிட்சை அணைத்தால் இது அணையாது. திருட்டுச் சரக்காக வாங்கியது சுமார் முப்பது வருஷமாக என்னிடம் இருக்கிறது, ரசீதோடு யோக்கியமாக வாங்கியது பதினாலு மாசத்தில் போய்விட்டது. இந்த நியாயத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் 'அந்தக் காலம் போல வருமா?' என்று ஒரு பெருமூச்சு விட்டு முடித்திருப்பேன். ஆனால் மஞ்சள் பையில் இன்னொன்றும் இருந்தது. ஒரு அறுபது நிமிஷ ஆடியோ கேசட்.

அப்பா 2019-ல் தவறிப் போனார். கடைசி இரண்டு வருஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். அதை போன் கால் என்றே நினைத்துக்கொண்டார். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்பார். நான் பதில் சொல்ல இடைவெளி விடுவார். பிறகு "சரி, நல்லா இருக்கியா?" மறுபடி இடைவெளி. "சரி சரி, வெச்சிர்றேன்." ஐம்பது, அறுபது மெசேஜ் இருக்கும். ஆபீஸ் பஸ்ஸில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2021-ல் பழைய போன் பழுதாகி, புதுப் போன் வாங்கினேன். பழைய பேச்சுகளை மீட்கவா என்று அது கேட்டது. பத்து மணிக்கு மீட்டிங். 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

அப்புறம் பார்த்தபோது இல்லை.

யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. என் கை, என் அவசரம். பையனுக்கு அப்போது ஐந்து வயதுதான். தாத்தா என்றால் அவனுக்குச் சுவரில் மாலை போட்ட போட்டோ. குரல் கிடையாது.

அந்த ஆடியோ கேசட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்து வயதில் கான்ட்ரா மியூசிக்கை டேப் பண்ண வேண்டும் என்று ஒரு வெறி. டூ-இன்-ஒன்னை டிவிக்கு முன்னால் வைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு விளையாடுவேன். யாரும் பேசக் கூடாது என்று வீட்டில் 144 தடையுத்தரவு. பி சைடின் கடைசியில், அற்புதமாக வந்துகொண்டிருந்த ரெக்கார்டிங்கில், அப்பா உள்ளே வந்து ஏதோ கத்திக் கெடுத்துவிட்டார். அதற்காக அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

டூ-இன்-ஒன் ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டு கரைஞ்சு தார் மாதிரி ஆயிடுச்சு ஸார்" என்றார். ரப்பரின் ஆயுசு அவ்வளவுதான். வேறு பெல்ட் போட எண்பது ரூபாய். நான் நூறு கொடுத்து மீதி வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் அபூர்வ சம்பவம்.

வீட்டுக்கு வந்து போட்டோம். ஏ சைடில் சினிமாப் பாட்டு. டேப் அங்கங்கே கசங்கியிருந்தது, பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். டேப்பும் நிரந்தரமில்லை, அதன் காந்தமும் தேயும், பூஞ்சை பிடிக்கும். இன்னும் பத்து வருஷம் பரணில் விட்டிருந்தால் இதுவும் போயிருக்கும். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

அதனால் ஆபீஸ் போகிற அன்பர்களே, அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். பாட்டுக்கு, படத்துக்கு, கேமுக்கு மாசா மாசம் கட்டுங்கள், தப்பில்லை. நானும் கட்டுகிறேன். ஆனால் அதை வாடகை என்று எழுதுங்கள். சொத்து என்று எழுத வேண்டியது வேறு: உங்கள் போனில் இப்போது கிடக்கும் அப்பா, அம்மா குரல். அதை இன்று சாயங்காலமே ஒரு பென் டிரைவிலும், இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வையுங்கள். 'அப்புறம்' என்ற பட்டனை மட்டும் அமுக்காதீர்கள்.

பி சைடு ஓடியது. டிண் டிண் மியூசிக். டப்டப்பென்று பட்டன் குத்தும் சத்தம். அது பத்து வயது நான். பையன் என் மடியில், அம்மா வாசற்படியில். திடீரென்று கதவு கிறீச்சிட்டது.

"டேய்! பட்டனை இப்படிப் போட்டுக் குத்தாதடா! மெதுவா... மெதுவா... காசு போட்டு வாங்கினதுடா!"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"யாருப்பா திட்டறது?" என்றான் பையன்.

"உங்க தாத்தா."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு டேப்பை அவனே ரீவைண்ட் பண்ணினான். பட்டனை மெதுவாகத்தான் அமுக்கினான்.