போலிச் சரிகை

காஞ்சிவாசிகளாகிய நமக்குச் சரிகையைச் சோதிக்கத் தெரியும். சரித்திரத்தில்தான் சில சமயம் ஏமாந்து போகிறோம்.

சாந்தாராம் 1946-இல் எடுத்த ‘டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி’ என்னும் ஹிந்திப் படத்தைச் சென்ற ஞாயிறன்று நம் வீட்டுக் கூடத்தில் பார்த்தோம். ஜப்பானியர் படையெடுப்பினால் சீன தேசம் துடித்த 1938-இல், காங்கிரஸ் மகாசபை அங்கே அனுப்பிய ஐந்து டாக்டர்களுள் ஒருவருடைய கதை அது. அவர் பிறந்த சோலாப்பூரும் நம் ஊரைப் போலத் தறி ஒலிக்கும் ஊரே.

“போன பிள்ளை திரும்பவில்லையே!” என்று நம் தாயார் கண்ணீர் விட்டார். நம் புதல்வியோ, சீனப் பெண்ணாக ஜெயஸ்ரீ நடிப்பதைக் கண்டு நகைத்தாள்.

பிளேக் நோயோடு அவர் போராடியதைப் படம் பெரிதாகக் காட்டுகிறது. அந்த நினைவிலேயே, பிளேக்தான் அவரைக் கொன்றதென்று வகுப்பில் பல வருஷம் போதித்து வந்தோம். உண்மையில் அவர் 1942 டிசம்பர் 9-இல், 32-ஆம் வயதில், காக்கை வலிப்பினால் காலமானார். சீன மனைவியையும் நான்கு மாதம் நிரம்பாத மகனையும் விட்டுச் சென்றார்.

இதைக் கேட்ட அடுத்த வீட்டு நெசவாளர், “போலிச் சரிகை போட்டு நெய்வது குற்றமில்லை, ஐயா, அசலென்று சொல்லி விற்பதுதான் பாவம்” என்றார். நமக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வகுப்பில் நம் பிழையைத் திருத்தினோம்.

“அப்படியானால் அவர் வீரர் இல்லையா, ஐயா?” என்றான் ஒரு சிறுவன்.

“வலிப்பு வருத்தியபோதும் நோயாளிகளை விட்டு வராதவரை வேறு என்னவென்று அழைப்பது, தம்பி?” என்றோம்.