அருவியை நம்பிய தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஆப்பிரிக்காவிலே ஒரு தேரைக்கு நெடுங்காலமாகப் படியளந்து வந்தது ஓர் அருவி. அந்த அருவியை மனிதர்கள் மலைக்குள்ளே திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு நடந்த விருத்தாந்தத்தைப் படித்தது முதல் என் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

தவளை, தேரைகளைப் பற்றிப் பாடம் சொல்லும்போது, முட்டை, தலைப்பிரட்டை, வால் சுருங்கிய குஞ்சு என்று கரும்பலகையில் வட்டமாகப் படம் வரைவது உபாத்தியாயர்களின் சம்பிரதாயம். நானும் இருபது வருஷமாக வரைந்து வருகிறேன். அந்த வட்டத்துக்குள் அடங்காத பிராணிகளும் உண்டு என்று ஒரு நாள் சொன்னபோது, "தேரை பிள்ளை பெறுமா, ஸார்?" என்று ஒரு சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். பெறும். ஆல்ப்ஸ் மலையிலே கரு நிறமுள்ள சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணி இரண்டு மூன்று வருஷம் கர்ப்பம் தாங்கி, பெரும்பாலும் இரண்டே குட்டிகளை ஈனுகிறது. யானைக்குக்கூட 22 மாதந்தான்! மேற்கு ஆப்பிரிக்காவில் நிம்பா மலைத் தேரை ஒன்பது மாதம் சுமக்கிறது. நம் தாய்மார்களின் கணக்கேதான்.

நான் சொல்ல வந்தது டான்சானியா தேசத்துக் கிஹான்சித் தேரையைப் பற்றி. உட்சுங்வா மலைத்தொடரிலே கிஹான்சி நதி ஒரு பள்ளத்தாக்கில் அருவியாக விழுகிறது. அருவியின் சாரல் இரவும் பகலும் ஓயாமல் நனைத்து வந்த பாறையும் புல்லும் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து ஏக்கர். அதுதான் இந்தத் தேரையின் உலகம் முழுவதும். பொன்னிறம், பெண் தேரை முப்பது மில்லிமீட்டர் நீளத்தை எட்டுவதில்லை. வயிற்றுத் தோல் மிக மெல்லியதாகையால், உள்ளே இருக்கும் குஞ்சுகள் நிழலாகத் தெரிவதுண்டு. தலைப்பிரட்டைப் பருவம் தாயின் கருக்குழாயிலேயே கழிந்துவிடுகிறது; முட்டையின் மஞ்சள் கருவே அவற்றுக்குக் கட்டுச்சோறு. காலும் கையும் முளைத்த பிறகுதான் அவை வெளியே வருகின்றன. நிற்கும் ஜலமில்லாத அந்தச் சரிவில் தாயின் வயிறே குளம். ஆனால் குளத்தின் தயவை விட்டொழித்த இந்தப் பிராணி, சாரலின் தயவை விட முடியவில்லை.

1961-ஆம் வருஷம் விடுதலை பெற்ற ஏழைத் தேசத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. உலக வங்கி முதலியோரின் கடனைக் கொண்டு அணை கட்டத் தொடங்கினார்கள். வேலை ஆரம்பித்த பிறகே, 1996-இல், தேரை கண்டுபிடிக்கப்பட்டது. 2000-ஆம் வருஷத்தில் நதியின் நீரில் பத்தில் ஒன்பது பங்கு சுரங்க வழியாக யந்திரங்களுக்குப் போயிற்று. 180 மெகாவாட் சக்தியுள்ள நிலையம். சாரல் நின்றது, புல் காய்ந்தது.

கேவலம் ஒரு தேரைக்காக ஒரு தேசத்தை இருளில் வைப்பதா என்று கேட்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். மண்ணெண்ணெய் விளக்கடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்த பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். எனக்குக் கோபம் வேறோர் இடத்தில். வீடு கட்டுகிறவன் முதலில் மனையைச் சுற்றிப் பார்க்கிறான். இங்கேயோ, அஸ்திவாரம் போட்ட பிறகு மனையைப் பார்க்கப் போனார்கள்!

பிற்பாடு பிராயச்சித்தம் நடந்தது. குழாய்கள் பதித்துச் செயற்கைச் சாரல் உண்டாக்கினார்கள். 499 தேரைகள் விமானமேறி அமெரிக்கா சென்றன. பள்ளத்தாக்கில் எஞ்சியவை குழாய்ச் சாரலில் தழைத்து, 2003-ஆம் வருஷம் இருபதினாயிரம் வரை பெருகின. பிறகு சில மாதங்களுக்குள் மளமளவென்று மடிந்தன. தோலைப் பற்றும் ஒரு வகைப் பூஞ்சை நோய் அங்கே காணப்பட்டது. 2009-இல், இயற்கையில் இந்த இனம் அற்றுப்போயிற்று என்று அறிவித்தார்கள்.

அன்னிய தேசத்திலும் கஷ்டந்தான். ஒரு சமயம் நூற்றுக்கும் குறைவாகவே மிஞ்சின. நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலும் டொலீடோ நகரத்திலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் அளந்து கொடுத்துக் காத்தார்கள். சில வருஷங்களில் ஆயிரக்கணக்காயின. 2012-ஆம் வருஷத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தேரைகளை மறுபடியும் கிஹான்சிப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டார்கள். அவை அத்தனையும் கண்ணாடிக்குள் பிறந்தவை. அருவியின் ஓசையை ஒருநாளும் கேட்டறியாதவை. குழாய்ச் சாரல் நனைத்திருந்த புல்லுக்குள் அவை இறங்கின.