சொல் குறைந்த மேடை

மேடையில் மரமும் இல்லை, கூடும் இல்லை. ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்திருக்கிறார். கழுத்து வெட்டி வெட்டித் திரும்புகிறது. தொண்டைக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுகிறது. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. கைகள் லேசாக விரிந்ததும் குஞ்சுகள் வந்து ஒண்டிக்கொள்கின்றன. குஞ்சுகள் என்றால் வளர்ந்த ஆட்கள்தான். பார்க்கும்போது அது நினைவில் நிற்பதில்லை.

நாடகம் 'பெபெத்'. மணிப்பூரில் 1975-இல் உருவானது. அந்த அம்மாள் சாவித்ரி. இயக்கியவர் அவருடைய கணவர் ஹைஸ்னாம் கன்ஹைலால். நான் பார்த்தது பதிவைத்தான். மைத்தேயி மொழியில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. எங்கே புரியாமல் போகும் என்று காத்திருந்தேன். அப்படி ஓர் இடம் வரவேயில்லை.

மணிப்பூர்ப் பாட்டிகள் அடுப்படியில் சொல்லும் கதை இது. குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்காகத் தாய்ப்பறவை பூனையின் அழகைப் புகழ்ந்துகொண்டே இருக்கும். சிறகு முளைத்துக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் புகழ்ச்சி நின்றுவிடும். கன்ஹைலால் இதன் நடுவே ஒரு கெட்ட கனவை வைத்தார். பூனை துறவி வேடத்தில் வருகிறது. குஞ்சுகளைத் தன் வசமாக்கிப் பெற்றவளுக்கு எதிராகவே திருப்பிவிடுகிறது. வெளியிலிருந்து வந்து ஆள்கிறவர்கள் ஒரு மக்களை என்ன செய்வார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன நாடகத்தை நான் பார்த்ததில்லை.

கன்ஹைலால் பிறந்தது 1941-இல். 1968-இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பாடம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. இரண்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது. ஊர் திரும்பிய அவர், 1969-இல் இம்பாலில் 'கலாக்ஷேத்ரா மணிப்பூர்' குழுவைத் தொடங்கினார். மொழியால் வெளியே நிறுத்தப்பட்ட மனிதர், வசனத்தின் மேல் சாய்ந்து நிற்காத நாடகத்தைத் தேடிப் போனார். உடம்பு, மூச்சு, ஓசை. இவை போதும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு உடல் கொடுத்தவர் சாவித்ரி. சிறு வயதிலிருந்தே மேடையில் வளர்ந்த அவர் இல்லாமல் கன்ஹைலாலின் நாடகம் இல்லை.

1978-இல் கன்ஹைலால் நடிகர்களைத் தேடிப் போன இடம் சந்தை. இமா கெய்தெல், 'அம்மாக்களின் சந்தை'. விற்பவர்கள் அனைவரும் பெண்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அந்தப் பெண்களோடு 'நுபி லான்' நாடகத்தைச் செய்தார். 1939-இல் ஊரில் பஞ்சம் நெருங்கியபோது அரிசியை வெளியே ஏற்றிக்கொண்டு போவதைத் தடுத்து நின்ற பெண்களின் போராட்டம் அது. நடித்தவர்களுக்கு அது சரித்திரம் அல்ல, வீட்டுக்கதை. 1979-இல் உமாத்தேல் கிராமத்து மக்களோடு 'சன்ஜென்னஹா'. நாடகக்காரர் ஊருக்குத் தொண்டு செய்கிறார் என்று இதைச் சொல்வது தவறு. ஊரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார்.

பிறகு 2000. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதை கன்ஹைலாலின் மேடைக்கு வருகிறது. படையினரால் சிதைக்கப்பட்ட பெண், கொடுத்த துணியை உடுத்த மறுத்து அதிகாரியை நோக்கி நடக்கிறாள். ஐம்பதைத் தாண்டிய சாவித்ரி ஆடையைக் களைந்து நின்றார். ஆயுதமுள்ள அதிகாரி பின்வாங்குகிறான். எதுவும் இல்லாத பெண் முன்னேறுகிறாள். உள்ளூரில் கண்டனம் எழுந்தது. குடும்பப் பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். ஆயுதப் படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகளாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஊரில், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அசாம் ரைபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் உடல் கிடைத்தது. ஜூலை 15 அன்று 12 பெண்கள், அந்தப் படை இருந்த காங்லா கோட்டை வாசலில் ஆடையின்றி நின்று நியாயம் கேட்டார்கள். தாய்மார்கள், பாட்டிமார்கள். நாடகத்தைப் பார்த்து அவர்கள் வந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் துணிவு அவர்களுடையது. அவர்களுக்குள் என்ன கனன்றுகொண்டிருந்தது என்பதை நான்கு ஆண்டுகள் முன்பே ஒரு மேடை உணர்ந்திருந்தது, அவ்வளவே. 2004 நவம்பரில் படை கோட்டையைக் காலிசெய்தது.

2016-இல் கன்ஹைலாலுக்குப் பத்ம பூஷண் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி மறைந்தார்.

மணிப்பூரிலிருந்து ஒரு நாடகக் குழு உங்கள் ஊருக்கு வந்தால், மொழி தெரியாதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள்.