மணல்வழித் துணை

தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. இளைஞன் தோபியா, வானதூதர் இரபேலின் துணையோடு தொலைநாட்டுக்குப் புறப்படும்போது அதுவும் உடன் புறப்படுகிறது. பயணம் முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது அதுவும் பின்னால் வருகிறது. அதைப் பற்றி நாம் அறிவது அவ்வளவே. அதற்குப் பெயர்கூட இல்லை. மீனைப் பிடித்தவன் தோபியா. அம்மீனில் மருந்து உண்டென்று அறிவித்தவர் வானதூதர். இழந்த பார்வையை மீண்டும் பெற்றவர் தந்தை தோபித்து. நாய் எந்த அரிய செயலையும் செய்யவில்லை; உடன் நடந்தது. அப்படிப்பட்ட நாயைத் திருநூல் ஏன் மறவாமல் இருமுறை குறிப்பிடுகிறது? இக்கேள்விக்கு விடை தேடி நாங்கள் விளக்க நூல் எதையும் புரட்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் விடியற்காலையில், மணப்பாட்டுக்குத் தெற்கே கடலோர மணற்குன்றுகளின் நடுவே, அவ்விடை எங்களை வந்தடைந்தது.

மணப்பாட்டை வாசக அன்பர்கள் அறிவார்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் முறிந்த பாய்மரத்திலிருந்து செய்யப்பட்ட சிலுவை, 1540-ஆம் ஆண்டில் அங்குள்ள குன்றின்மீது நேர்ச்சையாக நடப்பட்டது என்பது அவ்வூர் மரபு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகக் கூறப்படும் குகை அக்குன்றின் அடியில் உள்ளது. 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் கடலைப் பார்த்தபடி மேலே நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள், திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கடற்கரை ஊர்கள் அனைத்திலுமிருந்து மக்கள் திரள்வார்கள்.

அவர்களுள் எங்கள் தந்தையும் ஒருவர். கடல்தொழிலை விட்டுக் கரையேறிய பின்னும் அவர் திருவிழாவுக்குப் பேருந்தில் சென்றதில்லை. எங்கள் சிற்றூரிலிருந்து மணற்குன்றுகளின் வழியே மூன்று மணி நேரம் நடந்தே செல்வார். துணைக்கு மணி என்னும் நாட்டு நாய். "பஸ்ஸுல போனா என்னப்பா?" என்று நாங்கள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "பஸ்ஸுல மணியை ஏத்த மாட்டாங்க மக்களே." நாங்கள் சிரித்துக்கொள்வோம். முழங்கால் வலியோடு நடக்கும் முதியவருக்கு அந்த நாய் என்னவாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

2019 மே மாதம் தந்தை இறைவனடி சேர்ந்தார். நாங்கள் மூவர். மூத்தவள் தூத்துக்குடியில், நடுவர் சென்னையில், இளையவன் வளைகுடா நாட்டில். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழிவதற்குள் எங்களுக்குள் கணக்கு எழுந்தது. மருத்துவமனைக்கு யார் எவ்வளவு கொடுத்தது, வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று தொடங்கிய பேச்சு, சொல்லக் கூடாத சொற்களில் முடிந்தது. ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனோம்: மணியை யாராலும் அழைத்துச் செல்ல இயலாது. அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு ஏது இடம்? அடுத்த வீட்டு அத்தை, "எனக்கு ஆக்குறதுல ஒரு பிடி அதுக்கும் போடுதேன்" என்றார்கள். அத்துடன் அப்பேச்சை முடித்துக்கொண்டோம்.

ஆயினும் தந்தை தம் கடைசி நாள்களில் சொன்ன ஒரு சொல் எங்களை விடவில்லை. "இந்த வருசம் அந்த நடையை நீங்க நடந்துருங்க" என்று அவர் கேட்டிருந்தார். அதற்காகவே செப்டம்பரில் மூவரும் ஊரில் மீண்டும் கூடினோம். ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கிய தந்தையின் துணிப்பையைத் திறந்தபோது அதில் செபமாலையும், தண்ணீர்க் குப்பியும், வழவழப்பாகத் தேய்ந்த ஒரு சிரட்டையும் இருந்தன. சிரட்டை எதற்கென்று விளங்கவில்லை. எனினும் அவருடைய பொருள் என்பதால் எடுத்துச் சென்றோம்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய முழுநிலவு மேற்கே தாழ்ந்திருந்தது. பையைத் தோளில் மாட்டியதுமே மணி முற்றத்திலிருந்து எழுந்து முன்னே நடந்தது. அதை யாரும் அழைக்கவில்லை.

எங்கள் பகுதியில் உள்நாட்டுத் தேரி, இரும்புச் சத்தால் சிவந்த மணல். கடலோரக் குன்றுகளின் மணல் வெளிறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்டு வரும் தென்மேற்குக் காற்று, ஆனி ஆடி மாதங்களில் இம்மணலை வாரி வீசுகிறது. குன்றில் காற்றை எதிர்கொள்ளும் பக்கம் மெல்லச் சாய்ந்து இறுகியிருக்கும். மறுபக்கமோ செங்குத்தாகச் சரிந்து, மிதித்தால் கணுக்காலை விழுங்கும். காற்று ஓயும்போது குன்றுகள் சற்றே இடம் மாறியிருக்கும். ஆதலால் சென்ற ஆண்டின் பாதை இவ்வாண்டு இராது. எல்லைக் கல்லோ வழிகாட்டிப் பலகையோ அங்கே நிலைப்பதில்லை.

மணி எந்தக் குன்றையும் நேராக ஏறவில்லை. மூக்கைத் தாழ்த்தி, இறுகிய மணலைத் தேர்ந்து, சாய்வாகவே ஏறியது. அதன் தடத்தில் கால் வைத்தபோது நடை எளிதாயிற்று. "நமக்குத் தெரியாத வழியா?" என்று விலகி நடந்தவர் மூச்சிரைத்து நின்றார். இன்னொன்றையும் கவனித்தோம். மனவருத்தத்தால் நாங்கள் மூவரும் விலகி விலகி நடந்துகொண்டிருந்தோம். மணியோ முன்னால் சென்றவரை விட்டுத் திரும்பி ஓடி வந்து, கடைசியில் வருபவரை மோந்து பார்த்து, மீண்டும் முன்னே ஓடும். எங்களுள் ஒருவரும் பின்தங்கிப்போக அது உடன்படவில்லை. நாங்கள் ஒரு மடங்கு நடந்த வழியை அது மூன்று மடங்கு நடந்திருக்கும்.

கிழக்கு வெளுத்தபோது குன்றுகளின் அடிவாரம் தெளிவாயிற்று. அடும்பங்கொடி ஊதாப் பூக்களோடு மணலைப் பின்னிக் கிடந்தது. இராவணன் மீசைப் புல்லின் முள்பந்துகள் காற்றில் உருண்டோடின. உருண்டு நிற்குமிடத்தில் விதை ஊன்றி அவை மீண்டும் முளைக்கும். பறக்கும் மணலைத் தடுத்துக் குன்றாக்குபவை இந்த எளிய செடிகளே. அவற்றைப் பிடுங்கினால் மேடு கரைந்துவிடும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, உயர்ந்த மணல்மேடுகள் நின்ற கரைகளில் நீரின் வேகம் தணிந்ததைத் தமிழகம் கண்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் மணற்குன்றுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்துள்ளது. காலால் மிதித்துச் செல்லும் ஒரு கொடி ஊரையே காத்து நிற்கிறது. ஒன்றும் செய்யாததுபோல் தோன்றுபவற்றை நாம் எவ்வளவு எளிதில் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம்!

வழியின் பாதியில் ஒரு பனை நின்றது. அதன் அடிமரத்தை மணல் மூடியிருந்தது. ஓலைகள் கைக்கெட்டும் உயரத்தில் அசைந்தன. அங்கே வந்ததும் மணி நின்றது, பின் உட்கார்ந்தது. "வா மணி" என்று அழைத்தோம். அது அசையவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு, பையையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. முள் குத்தியிருக்குமோ என்று பாதங்களைத் தடவிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மணியோ பையின்மீது மூக்கை வைத்தது.

அப்போதுதான் சிரட்டை நினைவுக்கு வந்தது. மூத்தவள் அதை எடுத்து மணலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மணி ஒரு சொட்டும் மிச்சமின்றி நக்கிக் குடித்து, வழக்கமான இடம் என்பதுபோல் பனையின் நிழலில் படுத்தது.

"அப்பா இங்கதான் உக்காந்திருப்பாவ, அக்கா" என்றான் இளையவன். பல மாதங்களுக்குப் பிறகு அவன் அக்காவை நோக்கிப் பேசிய முதல் சொல் அது. மூத்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூவரும் அந்தப் பனையடியில் அமர்ந்தோம். தந்தை எங்கே இளைப்பாறுவார், யாரோடு பேசுவார், தம் குப்பித் தண்ணீரில் பாதியை யாருக்குக் கொடுப்பார் என்பதெல்லாம் ஒரு நாய்க்குத் தெரிந்திருந்தது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மருத்துவமனைக்கு நாங்கள் பணம் அனுப்பினோம். அது பொய்யன்று, அத்தொகை அவருக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு செப்டம்பர்கூட எங்களில் ஒருவரும் அவரோடு நடந்ததில்லை. எங்கள் கணக்கு ஏட்டில் இதற்கென ஒரு பக்கம் இருக்கவில்லை.

வெயில் ஏறுமுன் மணப்பாட்டை அடைந்தோம். கடைசிக் குன்றின் உச்சியிலிருந்து திருச்சிலுவை ஆலயம் தெரிந்தபோது மூவரும் சேர்ந்தே நின்றிருந்தோம். திருப்பலி முடியும்வரை மணி வெளியே ஒரு பந்தலின் நிழலில் படுத்திருந்தது. மணலின் சூடு அதன் பாதங்களைச் சுடாதபடி, மாலை மங்கும்வரை காத்திருந்து அதே வழியில் ஊர் திரும்பினோம். தந்தையும் அப்படித்தான் காத்திருந்து திரும்புவாராம். அத்தை பிறகு சொன்னார்கள்.

அன்றே எங்கள் உள்ளங்கள் முற்றிலும் மாறிவிட்டன என்று எழுதினால் அது உண்மையாகாது. வீட்டைப் பற்றிய மனத்தாங்கல் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. மணியையும் நாங்கள் அத்தையிடமே விட்டு வந்தோம். வண்டி புறப்பட்டபோது அது தெருமுனைவரை ஓடி வந்து நின்றதை மூவருமே கண்டோம். கண்டதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

2020-இல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் நாங்கள் ஊருக்கே செல்ல முடியவில்லை. செப்டம்பர் 14 மாலையில் அத்தை தொலைபேசியில் அழைத்து, "விடிஞ்சதுல இருந்து மணியைக் காணும், இப்பத்தான் வந்து படுத்துருக்கு" என்றார்கள். அது எங்கே சென்றது என்பதை நாங்கள் அறியோம். மறு ஆண்டு அது முதுமையால் இறந்தது. தந்தையின் வீட்டுப் பின்புறத்தில் அடக்கினோம் என்று அத்தை சொன்னபோது, அந்த வீட்டை விற்கும் பேச்சை நாங்கள் யாரும் பிறகு எடுக்கவில்லை.

2022-இல் மூவரும் மீண்டும் அவ்வழியே நடந்தோம். மணி இல்லாததால் இருமுறை வழி தவறினோம். இளகிய மணலில் புதைந்து புதைந்து, திருப்பலி முடியும் வேளையில்தான் போய்ச் சேர்ந்தோம். ஆயினும் அம்முறை ஒருவர் பின்தங்கியபோது மற்றவர் திரும்பி வந்து அழைத்துச் சென்றோம். அந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தோபியாவின் நாயைத் திருநூல் ஏன் மறக்கவில்லை என்பது இப்போது எங்களுக்கு ஓரளவு புரிகிறது. நம் இல்லங்களிலும் தனியே நடக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மாதந்தோறும் நாம் அனுப்புவது அவர்களைச் சென்றடைகிறது. நாம் சென்றடைவது எப்போது?