சிட்னி காட்டுப் பாறையில் பார்த்தது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

மகள் வீட்டுக்கு சிட்னி போய் வந்தேன்னு சொன்னதும் எல்லாரும் ஓப்பரா ஹவுஸ் போட்டோதான் கேட்கிறீங்க. அது இருக்கு, வாட்ஸ்அப்பில அனுப்புறேன். நான் எழுத நினைச்சது வேற இடம். நகரத்துக்கு வடக்கே கு-ரிங்-கை சேஸ் தேசியப் பூங்கா. 1894-இல் அமைத்தது. பூங்கான்னதும் ஊஞ்சல், பூச்செடி நினைக்காதீங்க. காடு. நம்ம ஊர் மாதிரி ஈரமும் அட்டையும் உள்ள காடு இல்ல. காய்ந்த புதர், யூகலிப்டஸ் மரம், நடுநடுவே மணற்கல் பாறை.

பேசின் டிரேக் என்ற பாதையில் தரையோடு தரையா அகலமான பாறை கிடக்கு. "மாமா, கீழ பார்த்து கால் வைங்க" என்று மருமகன் சொன்னாரு. முதலில் எனக்கு ஒண்ணுமே தெரியல. உச்சி வெயில்ல அந்தக் கோடுகள் கண்ணுக்குப் படாது. வெயில் சாய்ந்த பிறகு கோட்டுக்குள்ள நிழல் விழுந்தது. மீன் தெரிஞ்சது, வாலபி என்ற சின்னக் கங்காரு தெரிஞ்சது, அப்புறம் ஆள் உருவங்கள். எல்லாம் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் செதுக்கியவை.

எப்படிச் செதுக்கினாங்க என்பதுதான் என்னைப் பிடிச்சு நிறுத்தியது. கூரான கெட்டிக் கல்லால முதலில் வரிசையா சின்னச் சின்னக் குழி கொத்துவாங்க. பிறகு குழிக்கும் குழிக்கும் இடையில தேய்ச்சுத் தேய்ச்சு ஒரே கோடாக்குவாங்க. முப்பது வருஷம் தொழிற்சாலையில நின்னவன் நான். தகட்டில வளைவா வெட்டணும்னா நாங்களும் புள்ளி அடிச்சு, வரிசையா துளை போட்டுத்தான் வெட்டுவோம். அதே முறை. அவங்க கையில இரும்பு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெட் ஹேண்ட்ஸ் கேவ் என்ற பாறை ஒதுக்கில் செங்காவி நிறத்தில் கைத்தடம் இருக்கு. இப்படிக் கைத்தடம் பதிக்கிற ஒரு முறை, கையைப் பாறையில வைத்து, காவியைத் தண்ணீரோட வாயில வைத்து ஊதுறது. கையை எடுத்தா அதோட வடிவம் நிற்கும். கடலோரத்தில சாப்பிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் மேடா குவிந்து கிடக்கிற இடங்களும் உண்டு. பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும், ஆனா பல தலைமுறை குடும்பங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதற்கு அதுதான் சாட்சி. சிட்னியில ஆரம்ப காலத்தில வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட மேடுகளை அள்ளி எரித்துச் சுண்ணாம்பாக்கித்தான் கட்டடம் கட்டினாங்க.

அவங்க கப்பல் வந்தது 1788 ஜனவரியில். மறு வருஷமே பெரியம்மை. அங்கிருந்த பூர்வகுடிகளில் பாதிப் பேர் செத்திருப்பாங்க என்று அப்போதைய கவர்னர் பிலிப் கணக்குச் சொன்னாரு. மிஞ்சினவங்க சிதறிப் போனாங்க. அவங்க தங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க என்பதுகூட சரியா பதிவாகல. பூங்கா பேருக்கு அடிப்படையான அந்த 'குரிங்கை' என்ற சொல்லே 1892-இல் ஜோன் பிரேசர் என்பவர் உண்டாக்கியது. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளுக்கு அந்தப் பேரைப் பயன்படுத்த வேண்டாம் என்று அங்குள்ள பூர்வகுடி மரபு அலுவலகமே 2015-இல் அறிக்கை விட்டிருக்கு. ஊரும் போய், பேரும் போய், பாறையில கோடு மட்டும் நிற்குது.

அந்தக் கோடும் மங்குது. மணற்கல் மெதுவான கல். மழை கரைக்கும், பாசி படியும், காட்டுத்தீ சூட்டில மேல்தோல் உரியும், ஆள் மிதிச்சாலும் தேயும். அந்தக் காலத்தில சடங்குகளின்போது அதே கோட்டைத் திரும்பத் தேய்ச்சுப் புதுப்பிப்பாங்களாம். நமக்கு இது புரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி பண்ணி கும்பாபிஷேகம் நடத்துறவங்க நாம. புதுப்பிக்கிற கை போயிட்டா கல் தனியா என்ன செய்யும்?

இன்றைக்கு ஒரு கிரைண்டர் கொண்டு போனா ஒரே நாளில எல்லாக் கோட்டையும் ஆழமாக்கிடலாம். எனக்கே தெரியும் அந்த வேலை. ஆனா செய்யக்கூடாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1974 சட்டப்படி அதைச் சேதப்படுத்துறது குற்றம். சட்டத்தை விடுங்க, அந்தக் கோட்டைத் தொடுற உரிமை அந்த மக்களுக்குத்தான். வெளியாள் நல்ல எண்ணத்தோட ஆழப்படுத்தினாலும் அது அவன் கோடாப் போயிடும்.

இப்ப நம்ம கோயில் விஷயம். முனீஸ்வரன் சன்னிதிக்குப் பின்னால இருக்கிற பழைய கல், தோட்டத்தில ரப்பர் வெட்டின காலத்தில நம்ம பெரியவங்க நட்டது. வர்ற திருப்பணியில அதைச் சுற்றி கிரானைட் ஓடு பதிச்சு, கல்லுக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கலாம் என்று குழுவில பேச்சு ஓடுது. உபயத்துக்கும் ஆள் ரெடி. அவங்க மனசு நல்ல மனசுதான், குறை சொல்லல. ஆனா அந்தக் கல்லுக்குப் பூசை போட்ட குடும்பத்துப் பாட்டி ஒருத்தர் இன்னும் இருக்காங்க, எண்பத்து நாலு வயசு. அவங்கள யாரும் ஒரு வார்த்தை கேட்கல. கல்லு எந்தப் பக்கம் பார்த்து நிற்கணும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க வேண்டாம்னா ஓடு வேண்டாம். பெயிண்ட் அடிங்கன்னா, தூரிகையை நானே எடுக்கிறேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். பாட்டியை அழைச்சிட்டு வர நான் கார் எடுத்துட்டுப் போறேன். ஓடு வியாபாரியை அன்றைக்கு வரச் சொல்ல வேண்டாம். பசியாறல் கோயில்லயே, இட்டிலியும் சாம்பாரும்.